சின்னப் பந்தய போக்கர் டோர்னமெண்ட்: எவ்வளவு பெட் போடுவது என்று முடிவு செய்ய முழுமையான வழிகாட்டி

எந்தச் சீட்டு எதை வெல்லும் என்பதை ஒரே ராத்திரியில் கற்றுக்கொள்கிறவர்கள்கூட, "எவ்வளவு போடுவது" என்ற இடத்தில் தடுமாறுகிறார்கள். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் நாங்கள் கூடி ஆடும் டெக்சாஸ் ஹோல்டம் (கையில் இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து பொதுச் சீட்டு வைத்து ஆடும் போக்கர்) ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் 28, ரம்மி, மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள். சீட்டு ஞானத்தில் யாரும் சோடை இல்லை. ஆனால் சிப்ஸை (காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளை) கையில் அள்ளிய பிறகுதான் தொகையை யோசிக்கிறார்கள். "ஏனுங்கண்ணா, இதுக்கு எவ்வளவு போடறது?" என்று கேட்கும்போதே கையில் ஐந்நூறு இருக்கும், அதையே போட்டும் விடுவார்கள்.

கீழே உள்ள படிகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஸ்டேக் (ஒருவர் முன்னால் இருக்கும் மொத்த சிப்ஸ்), அடுத்து பாட் (நடுவில் சேர்ந்திருக்கும் தொகை), பிறகு நோக்கம், அப்புறம் தொகை, கடைசியில்தான் கை சிப்ஸுக்குப் போக வேண்டும். எந்தச் சீட்டு எதை வெல்லும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. உட்காரும் முன் வேண்டியவை

முதலில் காசு விஷயம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பாகுபாடு அதில் கிடையாது. எனவே போனில் பழகுவதென்றால் இலவச சிப்ஸ் மட்டும். வீட்டிலும் சிப்ஸும் புள்ளியும் போதும். எங்கள் ஆட்டத்தில் மாதக் கடைசியில் புள்ளியில் பின்தங்கிய ஆள் எல்லோருக்கும் ராமசேரி இட்லி வாங்கி வர வேண்டும், பந்தயம் அவ்வளவுதான். அதற்கே ஆட்கள் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள்.

அடுத்தது சில்லறை. ஆளுக்கு 10,000 என்றால் 25 மதிப்பில் எட்டு, 100 மதிப்பில் எட்டு, 500 மதிப்பில் நான்கு, 1000 மதிப்பில் ஏழு சிப்ஸ் கொடுங்கள். சில்லறை இல்லாத மேசையில் எல்லோரும் ஐந்நூறு, ஆயிரம் என்று முழுத் தொகையாகவே போடுவார்கள். 350 போட வேண்டிய இடத்தில் 500 விழும். எவ்வளவு போடுவது என்ற கலையே அங்கே செத்துவிடும்.

பிளைண்டு, அதாவது சீட்டுப் போடும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் தொகை (சின்னது ஸ்மால் பிளைண்டு, பெரியது பிக் பிளைண்டு), 50/100-இல் தொடங்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஏறட்டும்: 75/150, 100/200, 150/300, 200/400 என்று. பட்டியலை ஒரு தாளில் எழுதி எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டுங்கள். அடுத்த ஏற்றம் எப்போது என்று தெரியாதவரால் தொகையைத் திட்டமிட முடியாது.

திண்ணையில் ஆடுவதென்றால் மேசையில் ஜமக்காளம் விரியுங்கள். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்தால் சீட்டு எதிர்வீட்டுக்குப் போகும். ஆளாளுக்குத் தன் சீட்டின் மேல் ஒரு சிப்ஸை வைத்துக்கொள்வது நல்லது. அந்த ஒரு சிப்ஸையும் ஸ்டேக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

2. முதலில் இருவரில் சிறிய ஸ்டேக்கை எண்ணுங்கள்

உங்களிடம் 14,000, எதிராளியிடம் 4,800. பிளைண்டு 200/400. இந்தக் கையில் உங்களிடம் இருப்பதும் 4,800தான். அதற்கு மேல் ஒரு சிப்ஸ்கூட அவரிடம் ஜெயிக்கவோ தோற்கவோ முடியாது. அதைப் பிக் பிளைண்டால் வகுத்தால் 12 வருகிறது, அதாவது 12 பிளைண்டு (இனி இத்தனை பிளைண்டு என்று சொல்வதெல்லாம் பிக் பிளைண்டு கணக்கில்தான்). இந்த 12தான் இனி எல்லா முடிவுக்கும் அடி.

சீட்டைப் பார்க்கும் முன்பே இந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள். ஏஸ் ஜோடி கையில் வந்த பிறகு யாருக்கும் நிதானமாக எண்ண வராது. அதோடு, சீட்டைப் பார்த்ததும் பக்கத்து ஆளின் ஸ்டேக்கை எட்டிப் பார்த்தால், பழகியவர் உங்கள் சீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்.

இந்த எண் ஆட்டம் முழுவதும் சுருங்கிக்கொண்டே போகும். எட்டுப் பேர் மேசையில் மொத்தம் 80,000 சிப்ஸ். நான்கு பேர் மிஞ்சும்போது பிளைண்டு 500/1000 என்றால் சராசரி ஸ்டேக் 20 பிளைண்டுதான். ஆரம்பத்தில் 100 பிளைண்டு இருந்தபோது சரியாக இருந்த தொகை இங்கே சரிவராது.

3. நடுவில் கிடப்பதை எண்ணுங்கள்

பாட் எவ்வளவு என்று எப்போது கேட்டாலும் சொல்லும் நிலையில் இருங்கள். எண்ணும் வழி சுலபம்: உள்ளே இருப்பவர்கள் போட்ட தொகை, கூட மடித்து (ஃபோல்டு, அதாவது சீட்டைக் கைவிட்டு) போனவர்கள் பிளைண்டு உட்பட அதுவரை போட்டது, கூட ஆன்டி (பிளைண்டு போக ஒவ்வொரு கைக்கும் வைக்கும் கட்டாயத் தொகை).

பிளைண்டு 100/200. பிக் பிளைண்டு வைக்கும் ஆளே எல்லோருக்குமாக 200 ஆன்டி வைக்கிறார். நீங்கள் 500 ரெய்ஸ் (தொகையை ஏற்றுகிறீர்கள்). பட்டனில் (ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியாக முடிவு சொல்லும் டீலர் இடத்தில்) இருப்பவரும் பிக் பிளைண்டும் கால் பண்ணுகிறார்கள் (அதே தொகையைக் கொடுத்து உள்ளே இருக்கிறார்கள்), ஸ்மால் பிளைண்டு மடித்துவிட்டார். மூன்று ஐந்நூறு 1,500, ஸ்மால் பிளைண்டின் 100, ஆன்டி 200. பாட் தொகை 1,800. இந்த 1,800-ஐ மனதில் வையுங்கள். இதே கையைப் பின்னால் கடைசி வரை கொண்டு போகப் போகிறேன்.

புதியவர்கள் அதிகம் விடுவது ஆன்டியைத்தான். சீட்டுப் போடும் முன்பே நடுவில் 500 கிடக்கிறது. அதை எடுக்க 400 போட்டால், நூற்றுக்கு 44 தடவை எல்லோரும் மடித்தாலே நஷ்டமில்லை. 600 போட்டால் 55 தடவை மடிக்க வேண்டும். ஆன்டி வந்த பிறகு ரெய்ஸ் தொகையைச் சின்னதாக்கச் சொல்வது இதனால்தான்.

4. ஃபிளாப்புக்கு (நடுவில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டுக்கு) முன் நுழையும் தொகை

50 பிளைண்டுக்கு மேல் இருக்கும்போது மூன்று பிளைண்டு. உங்களுக்கு முன் யாராவது ரெய்ஸ் இல்லாமல் வெறுமனே நுழைந்திருந்தால், ஆளுக்கு ஒரு பிளைண்டு கூட்டுங்கள். 50/100-இல் இரண்டு பேர் நுழைந்திருந்தால் 500. அப்படியும் நாலு பேர் கூட வருகிற மேசையாக இருந்தால் தயங்காமல் நாலு பிளைண்டில் தொடங்குங்கள். உங்கள் நல்ல சீட்டுக்கு மற்றவர்கள் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறார்களோ, அவ்வளவு கேட்பதில் தப்பே இல்லை. சின்னப் பந்தய மேசையில் மூன்று பிளைண்டுக்குக் கால் பண்ணுகிறவர், நாலு பிளைண்டுக்கும் அதே சீட்டோடு வருவார்.

25 முதல் 50 வரை இருந்தால் இரண்டரை. 12 முதல் 25 வரை என்றால் இரண்டு, மிஞ்சினால் இரண்டே கால். ஸ்டேக் சின்னதாக இருக்கும்போது, மடித்து வெளியே வரும் செலவும் சின்னதாக இருக்க வேண்டும்.

12-க்குக் கீழே போனால் முதலில் நுழையும்போது ஆல் இன் (இருக்கும் சிப்ஸ் முழுவதையும் வைப்பது) அல்லது ஃபோல்டு. நடுவில் வழி இல்லை. காரணத்தைக் கணக்கிலேயே பாருங்கள். பத்து பிளைண்டு வைத்திருக்கிறீர்கள், இரண்டரை ரெய்ஸ் போட்டீர்கள். பிளைண்டில் இல்லாத ஒருவர் ஆல் இன் போகிறார். பிளைண்டும் ஆன்டியும் சேர்த்து நடுவில் இப்போது பதினைந்து பிளைண்டு. நீங்கள் இன்னும் ஏழரை கொடுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே கால் பண்ணியாக வேண்டிய விலை இது. சுமாரான சீட்டுக்குக்கூட அந்த அளவு வாய்ப்பு பெரும்பாலும் இருக்கும். அதாவது நீங்கள் மடிக்க முடியாது. மடிக்கவே முடியாது என்றால், முழுவதையும் முதலிலேயே வைத்து மடிக்கும் சங்கடத்தை எதிராளிக்குக் கொடுப்பது மேல்.

இன்னொன்று, என் அனுபவத்தில் இதுதான் பெரியது: நுழையும்போது எல்லாச் சீட்டுக்கும் ஒரே தொகை. ஏஸ் ஜோடிக்கு ஐந்து பிளைண்டு, 7-6-க்கு இரண்டு என்று போடுகிறவரின் சீட்டை மேசையே படித்துவிடும். முன்பின் தெரியாதவர்களோடு ஒரு ராத்திரி ஆடினால் தப்பிக்கலாம். வாராவாரம் அதே முகங்களோடு ஆடும் ஊர் ஆட்டத்தில் முடியாது. தொகை மாறலாம், ஸ்டேக்குக்காக மாறட்டும், முன்னால் நுழைந்தவர்களுக்காக மாறட்டும். சீட்டுக்காக மாறவே கூடாது.

5. ஒருவர் ரெய்ஸுக்கு மேல் நீங்கள் ரெய்ஸ்

ஃபிளாப்புக்குப் பிறகு அவருக்குப் பின்னால் பேசப் போகிறீர்கள், அதாவது முடிவு சொல்லப் போகிறீர்கள் என்றால் அவர் தொகையைப் போல மூன்று மடங்கு. முன்னால் பேச வேண்டியிருந்தால் நாலு மடங்கு. அவர் 500 என்றால் 1,500 அல்லது 2,000. முன்னால் பேசுகிறவர் எல்லாவற்றையும் இருட்டில் செய்கிறார். அதனால் அங்கேயே கையை முடித்துவிட அதிக விலை கேட்க வேண்டும். நடுவில் யாராவது கால் பண்ணியிருந்தால் இன்னொரு 500 கூட்டுங்கள்.

20 பிளைண்டுக்குக் கீழே மறு ரெய்ஸ் என்றால் நேராக ஆல் இன். 15 பிளைண்டு வைத்துக்கொண்டு ஆறு போட்டுவிட்டு மடிப்பதற்கு, போடாமலே இருக்கலாம்.

6. பெட் எதற்கு என்று ஒரு கேள்வி

ஃபிளாப் விழுந்தாயிற்று. தொகையை யோசிக்கும் முன் இரண்டு கேள்வி. என்னைவிட மட்டமான எந்தச் சீட்டு இதற்குக் கால் பண்ணும்? என்னைவிட நல்ல எந்தச் சீட்டு இதற்கு மடியும்? இரண்டுக்கும் பதில் வரவில்லை என்றால் செக் (ஒன்றும் போடாமல் விடுவது). அவ்வளவுதான்.

சின்னப் பந்தயத்தில் இரண்டாவது கேள்விக்கு அநேகமாகப் பதில் கிடைக்காது. அங்கே யாரும் லேசில் மடிக்க மாட்டார்கள். ஒன்பது ஜோடி வைத்திருப்பவர் ஃபிளாப்பில் ராஜா விழுந்தாலும் "பார்த்துடலாம்" என்று வருவார். பார்க்கத்தானே அவ்வளவு தூரம் பைக் ஓட்டி வந்திருக்கிறார்! அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி முதல் கேள்வியை நம்பித்தான் நிற்கிறது: நல்ல சீட்டுக்கு முழு விலையைக் கேட்டு வாங்குவது.

7. பாட் தொகையில் எந்தப் பங்கு

நான்கு அளவுகளை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். ஒவ்வொன்றும் எதிராளிக்கு ஒரு விலை, உங்கள் பிளஃப்புக்கு (நல்ல சீட்டு இல்லாமலே எதிராளியை மடிக்க வைக்கப் போடும் பெட்டுக்கு) ஒரு விலை.

மூன்றில் ஒரு பங்கு போட்டால், கால் பண்ணுகிறவருக்கு 20 சதவீத வாய்ப்பு இருந்தால் போதும். நீங்கள் பிளஃப் என்றால் நூற்றுக்கு 25 தடவை அவர் மடிக்க வேண்டும்.
பாதி போட்டால் அவருக்கு 25 வேண்டும், உங்களுக்கு 33.
மூன்றில் இரண்டு பங்குக்கு அவருக்கு 29, உங்களுக்கு 40.
முழு பாட் தொகைக்கு அவருக்கு 33; உங்களுக்கு 50.

இனி எதிராளி கையில் என்ன இருக்கலாம் என்பதோடு இதைப் பொருத்துங்கள். ஃபிளஷ்ஷுக்கு ஒரு சீட்டு குறைவாக வைத்திருப்பவருக்கு ஒன்பது சீட்டு உதவும். அடுத்த ஒரு சீட்டில் அது வர சுமார் 19 சதவீதம். இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு எட்டுச் சீட்டு, சுமார் 17. நடுவில் ஓட்டை விழுந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு நாலே சீட்டு, எட்டரை.

நம் 1,800 பாட் தொகைக்கு 600 போட்டால், ஃபிளஷ்ஷுக்குக் காத்திருப்பவர் ஏறக்குறைய நியாய விலைக்கு அடுத்த சீட்டைப் பார்க்கிறார். வந்துவிட்டால் உங்களிடம் இன்னும் பறிப்பார். 900 போட்டால் விலை ஏறிவிட்டது. 1,200 என்றால் ஒவ்வொரு தடவை கால் பண்ணும்போதும் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் எப்படியும் கால் பண்ணுவார் என்பது தெரிந்திருக்கும்போது 600 போடுவது தானம்.

இதிலிருந்து மேசைச் சீட்டுக்குத் தகுந்த அளவு தானாக வரும். ராஜா, 7, 2, மூன்றும் மூன்று சின்னம்: காத்திருக்க யாருக்கும் ஒன்றும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு போதும். அதற்குத்தான் 7 ஜோடிக்காரரும் கூட வருவார். ஜாக்கி, 10, 8, அதில் இரண்டு ஆட்டின்: இங்கே பாதிப் பேர் எதற்காகவோ காத்திருக்கிறார்கள். நல்ல சீட்டு இருந்தால் மூன்றில் இரண்டு, அதற்கு மேலும் போகலாம். ஒன்றும் இல்லை என்றால் செக். இந்த மாதிரி ஃபிளாப்பில் மூன்று பேருக்கு எதிராகப் பிளஃப் போடுவது சிப்ஸை பாரதப்புழையில் விடுவதுதான்.

நாலு பேர் உள்ளே இருந்தால் நல்ல சீட்டுக்குத் தொகையைக் கூட்டுங்கள், பிளஃப்பை நிறுத்துங்கள். ஒருவர் மடிக்க வாய்ப்பு பாதி என்றால், மூன்று பேரும் மடிக்க எட்டில் ஒன்று.

8. மூன்று பெட்டுகளையும் ஃபிளாப்பிலேயே திட்டமிடுங்கள்

பலர் விட்டுவிடும் படி இது. நல்ல சீட்டு கையில் இருக்கும்போது, ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) உங்கள் ஸ்டேக் முழுவதும் இயல்பாக உள்ளே போய்ச் சேர வேண்டும். அதற்கு ஃபிளாப்பிலேயே கணக்கு வேண்டும்.

அதே கை. உங்களிடம் ஏஸ்-ராஜா. ஃபிளாப் ராஜா, 9, 4. பாட் தொகை 1,800. பட்டனில் இருப்பவரிடமும் உங்களிடமும் பின்னால் 6,300 இருக்கிறது. 6,300-ஐ 1,800-ஆல் வகுத்தால் மூன்றரை. ஒவ்வொரு தடவையும் பாதி பாட் தொகை போட்டால் மூன்று தடவையில் சரியாக மூன்றரை மடங்கு உள்ளே போகும். பாருங்கள்:

ஃபிளாப்பில் 900. பட்டன் கால், பிக் பிளைண்டு மடிக்கிறார். பாட் 3,600.
டர்னில் (நாலாவது பொதுச் சீட்டில்) 1,800. கால். பாட் 7,200.
ரிவரில் மிச்சம் 3,600. அது பாட் தொகையில் பாதி.

ராஜா-10 வைத்திருக்கும் எதிராளிக்கு எந்த இடத்திலும் அதிர்ச்சி இல்லை. ஒவ்வொரு தடவையும் நியாயமாகத் தெரியும் தொகை. ரிவரில் 3,600 கொடுத்தால் 10,800 கிடைக்கும் என்று பார்த்து, பெருமூச்சு விட்டுக் கால் பண்ணுவார்.

இப்போது புதியவர் இதே கையை எப்படி ஆடுகிறார் என்று பாருங்கள். ஃபிளாப்பில் "பயந்து ஓடிடக் கூடாது" என்று 300. பாட் 2,400. டர்னில் 400. பாட் 3,200. ரிவர் வந்ததும் பின்னால் 5,600 மிஞ்சியிருப்பது கண்ணில் படுகிறது, ஆல் இன். 3,200-க்கு 5,600 கேட்டால் ராஜா-10 மடிந்துவிடும். கால் பண்ணுகிறவரிடம் 9-4 இருக்கும், அல்லது நாலு ஜோடியோடு வந்து மூன்று நாலு ஆனவர் இருப்பார். மட்டமான சீட்டெல்லாம் மலிவாகத் தப்பிவிட்டது, நல்ல சீட்டு மட்டும் முழு ஸ்டேக்கையும் வாங்குகிறது. ஃபிளாப்பில் விட்ட 600தான் ரிவரில் இத்தனை பெரிய ஓட்டையாகத் திரும்பி வருகிறது.

மற்ற அளவுகளுக்கும் குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பது பாட் தொகையைப் போல நாலு மடங்கு என்றால், முழு பாட் தொகை இரண்டு தடவையில் தீர்ந்துவிடும். 13 மடங்கு என்றால் முழுத் தொகையாக மூன்று தடவை போக வேண்டும். அவ்வளவு ஆழத்தில் ஒற்றை ஜோடியை வைத்துக்கொண்டு முழு ஸ்டேக்கையும் உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். ஒரு மடங்கோ அதற்குக் குறைவோ என்றால் கணக்கே வேண்டாம், ஒரே பெட், ஆல் இன்.

இதோடு சேர்ந்த சின்ன விதி ஒன்று. பாட் 4,000, உங்களிடம் 3,500. இதில் 2,500 போட்டு 1,000-ஐ மிச்சம் வைக்காதீர்கள். கால் வந்தால் பாட் 9,000 ஆகிவிடும். அந்த ஆயிரத்தைக் காப்பாற்றி மடிக்க உங்களால் முடியாது. மிச்சம் அப்படிச் சில்லறையாகத் தோன்றினால் அதையும் சேர்த்தே வையுங்கள்.

9. ரிவர்

இனி சீட்டு வராது. காத்திருப்பவர் என்று யாரும் இல்லை. ஒரே கேள்வி: மட்டமான சீட்டு எவ்வளவு வரை கொடுக்கும்?

உறுதியான சீட்டு என்றால் மூன்றில் இரண்டு முதல் முழு பாட் தொகை வரை கேளுங்கள். கால் பண்ணும் மனநிலையில் இருப்பவர் தொகையைப் பார்ப்பது குறைவு. நடுத்தரச் சீட்டு, அதாவது இரண்டாவது ஜோடி மாதிரி என்றால் மூன்றில் ஒரு பங்கு அல்லது செக்.

நீங்கள் ரிவரில் போட்டதற்கு மேல், இதுவரை சும்மா கால் பண்ணிக்கொண்டிருந்த ஒருவர் ரெய்ஸ் வந்தால், ஒற்றை ஜோடியை மடியுங்கள். சின்னப் பந்தய மேசையில் ரிவர் ரெய்ஸ் பெரும்பாலும் உண்மையே பேசும்.

10. புள்ளிக்கு ஓர் இடம் முன்னால்

மூன்று பேருக்குப் புள்ளி: முதலுக்கு 5, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 2. நான்கு பேர் மிஞ்சியிருக்கிறீர்கள், நால்வருக்கும் சம ஸ்டேக். ஆளுக்கு இப்போது சராசரி மதிப்பு இரண்டரை புள்ளி.

நீங்கள் ஒருவரோடு ஆல் இன் போய் ஜெயித்தால் ஸ்டேக் இரட்டிப்பு. மதிப்பு இரட்டிப்பாகி 5 ஆகிறதா? இல்லை. முதலிடம் வர 50 சதவீதம், இரண்டாமிடம் 33, மூன்றாமிடம் 17 என்று சிப்ஸ் பங்கின்படி கணக்கிட்டால் சுமார் 3.83 புள்ளிதான். தோற்றால் பூஜ்யம். இரண்டரையை 3.83-ஆல் வகுத்தால் 65 சதவீதம். பிளைண்டை விட்டுவிட்டுப் பார்த்தால், சாதாரண நேரத்தில் 50 சதவீத வாய்ப்புக்கே போகக்கூடிய ஆல் இன்னுக்கு இங்கே 65 வேண்டும்.

இது பெட் அளவை இரண்டு பக்கமும் மாற்றுகிறது. உங்களைவிடப் பெரிய ஸ்டேக்கோடு பெரிய பாட் வேண்டாம். ரெய்ஸ் இரண்டு பிளைண்டு, ஃபிளாப்பில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் செக். பெரிய ஸ்டேக் உங்களிடம் இருந்தாலோ, நடுத்தர ஸ்டேக்காரர்கள் மேல் ஏறுங்கள். அவர்கள்தான் மடிக்கத் தயாராக இருப்பவர்கள், அதுவும் இரண்டே பிளைண்டுக்கு. மூன்று பிளைண்டு மட்டும் வைத்திருப்பவர் மேல் பிளஃப் போடாதீர்கள். இழக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

11. சிப்ஸை முன்னால் வைக்கும் முறை

வாயால் சொல்லுங்கள், பிறகு வையுங்கள். தமிழிலோ மலையாளத்திலோ, "ரெய்ஸ், ஆயிரத்து இருநூறு" என்று தொகையோடு சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அதுதான் பெட். கை தவறி 1,500 வைத்தாலும் 300 திரும்ப வரும்.

எதிரே பிளைண்டோ பெட்டோ இருக்கும்போது, சொல்லாமல் ஒரே ஒரு பெரிய சிப்ஸைப் போட்டால் அது கால். பிளைண்டு 200-ஆக இருக்கும்போது ஆயிரம் சிப்ஸ் ஒன்றைப் போட்டுவிட்டு "நான் ரெய்ஸுதான் நினைச்சேன்" என்றால் செல்லாது. 200 எடுத்துக்கொண்டு 800 திருப்பித் தருவார்கள்.

சிப்ஸைத் தவணையாக வைக்காதீர்கள். முதலில் கொஞ்சம் வைத்து, எதிராளி முகத்தைப் பார்த்து, மறுபடி கை ஸ்டேக்குக்குப் போனால் இரண்டாவது தவணை செல்லாது.

குறைந்தபட்ச ரெய்ஸ், முந்தைய ரெய்ஸ் எவ்வளவு கூட்டியதோ அவ்வளவு. பிளைண்டு 200, ஒருவர் 500 என்றால் கூடியது 300. அடுத்த ரெய்ஸ் குறைந்தது 800.

12. பழைய ஆட்டங்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் பழக்கங்கள்

28 ஆடுகிறவர்கள் 14-இல் தொடங்கி 15, 16 என்று ஏலம் ஏற்றிப் பழகியவர்கள். அதனால் இங்கேயும் குறைந்தபட்ச ரெய்ஸாகவே போடுகிறார்கள். 1,800 பாட் தொகைக்கு எதிராளி 600 போட, நீங்கள் 1,200 என்றால், அவர் இன்னும் 600 கொடுத்து 3,600-க்கு ஆடுகிறார். 14 சதவீத வாய்ப்பு போதும். ஃபிளஷ், ஸ்ட்ரெய்ட் காத்திருப்பவர் யாரையும் இது வெளியே அனுப்பாது. ரெய்ஸ் என்றால் அவர் தொகையைப் போல மூன்று மடங்கு, 1,800-இல் தொடங்குங்கள்.

மூணு சீட்டில் முன்னவர் போட்டதை வைத்துத்தான் அடுத்தவர் போடுவது. நடுவில் எவ்வளவு சேர்ந்தது என்பது பெட் அளவுக்குத் தேவையில்லை. அந்தக் கண்ணோடு வருகிறவர் ஃபிளாப்பில் 600 போட்டால் டர்னிலும் 600 போடுவார். பாட் அதற்குள் 3,000 ஆகியிருக்கும்; அவர் கேட்பது ஐந்தில் ஒரு பங்கு. எதிராளிக்கு இங்கேயும் அதே 14 சதவீத விலைதான். ஒவ்வொரு சீட்டு விழும்போதும் பாட் தொகையைப் புதிதாக எண்ணுங்கள்.

ரம்மிக்காரர்களிடம் பொறுமை உண்டு. 80 புள்ளி ஏறுவதைவிட முதலிலேயே 20-க்கு டிராப் ஆவது மேல் என்று பழகியவர்கள். அந்தப் பொறுமை இங்கே பாதி ஆட்டம் வரை நன்றாக உதவும். அப்புறம் பிளைண்டு தின்ன ஆரம்பிக்கிறது. 100/200 ஆன்டியோடு ஒவ்வொரு சுற்றுக்கும் 500 போகிறது. நல்ல சீட்டுக்குக் காத்திருந்து நாலு பிளைண்டு மிஞ்சியபோது ஆல் இன் போனால், பிக் பிளைண்டில் இருப்பவர் மூன்று பிளைண்டு கொடுத்து ஆறரைக்கு ஆடுகிறார். 32 சதவீதம் போதும். எந்தச் சீட்டோடும் வருவார். பத்து, பன்னிரண்டு இருக்கும்போதே போயிருந்தால் மடித்திருப்பார்.

13. ஆட்டம் முடிந்ததும் எழுத வேண்டியது

ஒரு சின்ன நோட்டில், பெரிய பாட் ஆன இரண்டு மூன்று கைகளை மட்டும் எழுதுங்கள். சீட்டைவிட நான்கு எண்கள் முக்கியம்: அந்த நேரத்துப் பிளைண்டு, இருவரில் சிறிய ஸ்டேக், ஒவ்வொரு கட்டத்திலும் பாட் தொகை, நீங்கள் போட்டது. கூடவே யார் எந்தச் சீட்டோடு எவ்வளவு தொகைக்குக் கால் பண்ணினார் என்று ஒரு வரி.

அடுத்த ஆட்டத்துக்கு முன் அதைப் புரட்டி, 8-ஆம் படியின் கணக்கை அந்தக் கைகளில் போட்டுப் பாருங்கள். ரிவரில் பாட் தொகையைவிட அதிகம் பின்னால் மிஞ்சியிருந்தால், ஃபிளாப் தொகை சின்னதாகப் போய்விட்டது. டர்னிலேயே தீர்ந்துவிட்டிருந்தால் பெரிதாகப் போய்விட்டது. திருத்த வேண்டிய இடம் எப்போதும் அந்த முதல் பெட்.